சலீமுஸ்ஸமான் சித்திகி

சலீமுஸ்ஸமான் சித்திகி (அக்டோபர் 19, 1897 - ஏப்ரல் 14, 1994) இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பணியாற்றிய கரிம வேதியியலாளர் ஆவார். மூலிகைகளின் வேதிப்பொருட்களை ஆராய்வதில் புகழ்பெற்றவர். இவர் 1931 ஆம் ஆண்டில் சர்ப்பகந்தி வேரிலிருந்து அஜ்மலீன் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்கும் மருந்துகளுள் ஒன்றாக அது பின்னர் இடம்பெற்றது.

இளமையும் கல்வியும்

இவர் லக்னோவுக்கு அருகே பாராபங்கி மாவட்டத்திலுள்ள சுபேகா என்னும் ஊரில் பிறந்தார். முஸ்லிம் லீக் தலைவர்களுள் ஒருவரான சௌத்ரி கலீகுஸ்ஸமான் இவருடைய அண்ணன் ஆவார். அலிகாரில் பயின்று 1919 இல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிப்பதற்காக 1920 இல் இலண்டன் சென்றார். ஓராண்டுக்குப் பின் அதை விடுத்து, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றார். அங்கு யூலியஸ் வான் பிரவுன் என்பவரின் மேற்பார்வையில் ஆய்வு செய்து 1927 இல் முனைவர் பட்டம் பெற்றார். இவர் ஓவியராகவும் விளங்கினார்.

தில்லியில் ஆய்வு

யுனானி மருத்துவரும் விடுதலைப் போராட்டத் தலைவருமான ஹக்கீம் அஜ்மல் கான், நாட்டு மருந்துகளை நவீன வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்ற கருத்துடையவர். தில்லி திப்பியா கல்லூரியில் அமையவிருந்த ஆய்வு நிலையத்துக்குச் சித்திகியைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. ஆயினும் அவர் 1927 டிசம்பரில் காலமானார். அவர் காணாமற்போன அந்த முயற்சியைச் சித்திகி 1940 வரை தொடர்ந்து நடத்தினார்.

அஜ்மலீன்

சர்ப்பகந்தி இந்தியாவின் பல பகுதிகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும் சிறு செடியாகும். இதன் வேர் பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. வேரில் ஒரே ஒரு பொருள் மட்டும் இல்லை என்பதைச் சித்திகியின் ஆய்வு காட்டியது. ரபாத் உசேன் சித்திகியுடன் இணைந்து, வெண்ணிறமான அஜ்மலீன் தொகுதியையும் மஞ்சள் நிறமான செர்ப்பென்டைன் தொகுதியையும் இவர் தனித்தனியே பிரித்தார். முதல் தொகுதிக்கு அஜ்மல் கானின் பெயரையே சூட்டினார். முடிவுகள் இந்திய வேதியியல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்ப்பின் இதே வேரிலிருந்து 1952 இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது.

இதயத் துடிப்பும் இதயத் தசையும்

இதயம் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஓய்வின்றி மிக வேகமாகத் துடித்தால், நோயற்ற தசையும் தளர்ந்து விரிவடையக்கூடும். இத்தகைய நிலை 1913 இலேயே மருத்துவ இலக்கியத்தில் விவரிக்கப்பட்டது; 1962 இல் விலங்குகளில் சோதனை மூலம் உருவாக்கிக் காட்டப்பட்டது. தசை தளர்ந்ததால் துடிப்பு கெட்டதா, துடிப்பு கெட்டதால் தசை தளர்ந்ததா என்று அறிவது மருத்துவருக்கு இன்றியமையாதது. ஏனெனில், இரண்டாவது வகையில் துடிப்பைச் சீராக்கினால் தசை பெரும்பாலும் வலிமையை மீளப்பெறுகிறது.

அஜ்மலீன் இதயச் செல்களின் சோடியம் வாயில்களை அடைத்து, மின்துடிப்பு பரவும் வேகத்தைக் குறைக்கிறது. இதனால் சிலவகை மிகைவேகத் துடிப்புகள் அடங்குகின்றன. ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், இது ஊசி மருந்தாகப் பயன்படுத்தப்பட்டது. எனினும் இதற்கு வரம்புகள் உண்டு. வாய்வழி உட்கொண்டால் உடலில் போதிய அளவு சேர்வதில்லை. மேலும், இதயத் தசையின் சுருங்கும் ஆற்றலை இம்மருந்தே குறைப்பதால், ஏற்கனவே தளர்ந்துவிட்ட இதயத்துக்கு இது ஏற்றதன்று. அத்தகையோருக்கு பீட்டா தடுப்பிகள், அமியோடரோன், துடிப்புக் கோளாற்றின் மூலத்தை வடிகுழாய் வழியே பொசுக்கி நீக்கும் முறை ஆகியவை இன்று கையாளப்படுகின்றன. தற்காலத்தில் அஜ்மலீன் பெரிதும் புருகாடா நோய்க்கூட்டறிகுறியைக் கண்டறியும் சோதனைக்குப் பயன்படுகிறது.

பிற்காலம்

சித்திகி 1942 இல் வேம்பிலிருந்து நிம்பின் முதலிய பொருட்களைப் பிரித்தெடுத்தார். பிரதமர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்று 1951 இல் பாகிஸ்தானில் குடியேறினார். அந்நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் 1953 இல் இவரது தலைமையில் உருவானது. 1961 இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் கராச்சி பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிலையம் ஒன்றை வளர்த்து, தொண்ணூறு வயதைக் கடந்தும் அதனை வழிநடத்தினார். 1994 இல் கராச்சியில் காலமானார்.

இவர் பணிபுரிந்த நாடு இரண்டாகப் பிரிந்தபோதும், இவர் பிரித்தெடுத்த மருந்து தில்லி மருத்துவரின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது.