தோல்விக்குப் பின்னும் பேசியவர்

1977 பொதுத் தேர்தலின்போது பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த இளம் சட்டத்தரணி எம்.எச்.எம்.அஷ்ரப் அப்போது தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக மேடையேறினார். கூட்டணியோடு கைகோத்த முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. பொத்துவிலில் கூட்டணி சார்பில் வென்ற கனகரத்தினமும் விரைவிலேயே ஆளுந்தரப்புக்குத் தாவினார்.

மனம் கசந்து ஒதுங்கப் போதிய காரணம் இருந்தது. அஷ்ரப் ஒதுங்கவில்லை, 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டனர். வடபுல முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். அதன் பின்னரும், முஸ்லிம்களுக்குத் தனி அதிகார அலகு கோரியவாறே, தமிழ்க் கட்சிகளுடன் அவர் பேசினார். உரிமை கேட்பதைப் பகையாக அவர் கொள்ளவில்லை. அவரது மேடைப் பேச்சுகளே பிளவை ஆழமாக்கின என்போரும் உளர். அக்குறையை முற்றாகப் புறந்தள்ளவும் இயலாது.

1994இல் அமைச்சரானார். அடுத்த ஆண்டில், யுத்தத்தால் கல்வி குலைந்த மாணவருக்காக ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகப் பாடுபட்டார். இறுதிக் காலத்தில், எல்லா இனத்தவரையும் அழைத்துத் தேசிய ஐக்கிய முன்னணியை அமைத்தார்.

2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் வீழ்ந்து மரணித்தபோது அவருக்கு வயது 51. அடுத்த மாதத் தேர்தலில், அவரில்லாத அம்முன்னணி 4 ஆசனங்களை வென்றது.