ஒளிக்கோட்டில் ஒலி வரைந்தவர்

மின்பொறியிலிருந்து பிறக்கும் ஒலிக்கு உயிர் உண்டோ? மனிதக் கைவிரலின் நெளிவு சுளிவுகளை அது ஏற்குமோ? இவ்வினாக்களுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஆங்கில நாட்டு இசையாக்குநர் டாப்னி ஓராம் அம்மையார்.

1925ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி, வில்ற்சயர் மாவட்டத்து டிவைசஸ் நகரில் அவர் பிறந்தார். 1942இல் இலண்டன் அரச இசைக் கல்லூரி அவருக்கு இடமளிக்க முன்வந்தது. அவரோ அதனை விடுத்து, பி.பி.சி. வானொலியில் ஒலிப்பொறிப் பணியை ஏற்றார். போர்க்காலம் அது. அல்பேர்ட் மண்டபக் கச்சேரிகள் நேரடியாக ஒலிபரப்பாகும்போது, அதே இசைக்குரிய இசைத்தட்டை உடன் சுழலவிட்டுக் காத்திருப்பது அவர் கடமைகளுள் ஒன்று. குண்டுவீச்சினாற் கச்சேரி நின்றாலும் ஒலிபரப்பு நிற்கலாகாதன்றோ!

மேடையிசையையும் பதிவிசையையும் ஒன்றாய்ப் பிணைக்கும் எண்ணம் அவருடைய ஆக்கத்திலும் தோன்றியது. 1949இல் எழுதிமுடித்த 'ஸ்டில் பொயின்ற்' என்னும் படைப்பில் இரு வாத்தியக் குழுக்களையும் இசைத்தட்டுகளையும் ஒலிவாங்கிகளையும் ஒருங்கே கையாண்டார். பி.பி.சி. அதனை ஏற்கவில்லை. அவர் சோர்ந்திலர். பகலில் அலுவல், இரவில், ஆளரவமற்ற கலையகத்தில் ஒலிப்பதிவுப் பொறிகளை ஒன்றுசேர்த்து, நாடாவை வெட்டியும் ஒட்டியும் புத்தொலிகளைத் தேடினார். 1957இல் 'அம்பிற்றியன் 38' என்ற தொலைக்காட்சி நாடகத்துக்கு முற்றிலும் மின்னொலியாலேயே இசை அமைத்தார். மறு ஆண்டில் பி.பி.சி.யின் ரேடியோபோனிக் தொழிற்கூடம் உருவாக முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர்.

ஆயினும் நிலையம் நாடியது நாடகங்களுக்குத் துணைபோகும் ஒலிகளை. அவர் நாடியது தன்னளவில் நிற்கவல்ல இசையை. அவ்வாண்டிலேயே பிரசல்ஸ் நகருக்குச் சென்று பிறநாட்டார் ஆக்கங்களைக் கேட்டுத் திரும்பியவர், 1959 ஜனவரியில் உத்தியோகத்தைத் துறந்தார். கென்ற் மாவட்டத்தில், முன்னாளில் ஹொப் பூக்களை உலர்த்தப் பயன்பட்ட சூளைக் கட்டடம் ஒன்றே அவரது இல்லமும் கலையகமும் ஆயிற்று. மாதச் சம்பளம் போயிற்று. விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் பாடசாலை இசைத்தட்டுகளுக்கும் ஒலியமைத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று.

அவ்வுழைப்பினிடையே, 1962இல் குல்பெங்கியன் நிறுவனம் அளித்த நன்கொடையின் துணையோடு, 'ஓராமிக்ஸ்' என்னும் பொறியை அவர் வளர்த்தெடுத்தார். 35 மில்லிமீற்றர் அகலமுள்ள பத்துச் சினிமாச் சுருள்கள் அதில் அருகருகே ஓடும். அவற்றின்மேல் இசையாக்குநர் கருமையாற் கோடுகளும் புள்ளிகளும் தீட்டுவார். அவற்றினூடே செல்லும் ஒளியின் ஏற்றத்தாழ்வை ஒளிமின்கலங்கள் உணர்ந்து, சுருதியையும் ஓசையின் வன்மை மென்மையையும் ஆளும். கோடு மெல்ல உயர்ந்தால் ஒலியும் மெல்ல உயரும். கை நடுங்கினால் ஒலியும் நடுங்கும். அந்த நடுக்கத்தையே அவர் விரும்பினார். பிசகாத கணக்கு மட்டும் இசையாகாது என்பது அவர் கொள்கை. மனிதரையே பல அதிர்வுகளின் சேர்க்கையாகக் கண்ட அவர், 1972இல் வெளியிட்ட தமது நூலில் தனிமனித முத்திரை பொறிக்குள்ளும் வாழவேண்டும் என்பதை விரிவாக ஆராய்ந்தார்.

விசைப்பலகையுள்ள மின்னிசைக் கருவிகள் சந்தையை நிரப்பிய காலத்தில், ஓராமிக்ஸ் அவர் இல்லத்தோடு நின்றுவிட்டது. அவர் விட்டுச்சென்ற தொழிற்கூடமோ 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் இசையால் 1963 முதற் புகழெய்தியது. அம்மையார் கணினியிலும் தம் முயற்சியைத் தொடர்ந்தார். 1990களில் பக்கவாதம் அவரை முடக்கியது. 2003 ஜனவரி 5ஆந் திகதி காலமானார்.

2011இல் இலண்டன் விஞ்ஞான அரும்பொருட் சாலை அவர் பொறியைக் காட்சிக்கு வைத்தது. 2018 ஜூலையில், அவர் இசைத்தட்டோடு காத்திருந்த அதே அல்பேர்ட் மண்டபத்தில் 'ஸ்டில் பொயின்ற்' ஒலித்தது. எழுதி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். கேட்க அவர் இல்லை. உத்தியோகத்தில் இருந்திருப்பின் வாழ்வு இலகுவாயிருந்திருக்கும். ஆனால் மனிதக் கையின் நடுக்கத்தை அறிந்த அந்தப் பொறி பிறந்திருக்குமோ என்பது ஐயமே.