முரசறைந்த குறுமேனியர் சிக் வெப்

உடற்குறை கண்டு மனந்தளரும் நாம் அறியத்தக்கது சிக் வெப் என்பாரின் சரிதம். அமெரிக்காவிலே பால்டிமோர் நகரிற் பிறந்த இக்கறுப்பினக் கலைஞர், இளமையில் முதுகெலும்பைப் பற்றிய காசநோயாற் கூனுற்றுக் குறுகிய மேனியரானார். உடல் தேறவேண்டிப் பயின்ற டிரம் என்னும் மேனாட்டு முரசே அவருக்கு வாழ்வாயிற்று.

நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தளத்தில் ஆடிய சவாய் நடன மண்டபத்தில் அவர் குழுவே முதன்மை பெற்றது. ஆடுவோர் கால்கள் தாமே எழுமாறு ஸ்விங் தாளம் முழங்கிற்று. 1935-ல் இளம் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டைக் குழுவிற் சேர்த்தார். 1937 மே 11-ல் அம்மண்டபத்திலேயே பெரும்புகழ் பென்னி குட்மன் குழுவை இசைப்போரில் வென்றார். 1938-ல் எலா பாடிய 'எ டிஸ்கெட், எ டாஸ்கெட்' இசைத்தட்டு நாடெங்கும் பரவிற்று.

நோயோ அவரை விட்டபாடில்லை. வலியைப் பொறுத்தே முரசறைந்த அவர், 1939 ஜூன் 16-ல் பிறந்த நகரிலேயே மறைந்தார். அவர்தம் இசைத்தட்டுக் கேட்டுக் களிக்கும் நாம், அக்களிப்பை ஈந்தவர் பட்ட நோவையும் நினைவோமாக.