முதோள் அரசர் மாலோஜிராவ்

தக்காணத்தில் கடப்பிரபை ஆற்றை அடுத்துள்ள முதோள், கோர்படே மரபினர் ஆண்ட சிறு சமஸ்தானம். அம்மரபில் 1884-இல் தோன்றிய மாலோஜிராவ், 1900-இல் பட்டமெய்தி 1937 வரை அரசு புரிந்தார். எனினும் இன்று அவரை உலகம் நினைப்பது ஒரு நாயினத்தின் பொருட்டே.

நீண்ட முகமும், ஆழ்ந்த மார்பும், ஒட்டிய வயிறும் உடைய அவ்வேட்டை நாய் அவர் காலத்தில் அருகி வந்தது. அதனைக் கைவிடாது வளர்த்தவர் பேடர் என்னும் வேட்டுவ மக்கள். நம் வேடர் என்னுஞ் சொல்லே கன்னடத்தில் அவ்வாறு வழங்குகின்றது. இவருள் ஹலகலி ஊரார், 1857-இல் படைக்கலங்களை ஒப்படைக்க மறுத்துக் கிளர்ந்து, கொடிதாய் அடக்கப்பட்டவர். அன்னார் பின்னோரிடமிருந்த நாய்களின் விரைவைக் கண்டு வியந்த அரசர், நல்லனவற்றைத் தேர்ந்து இணைசேர்த்து இனத்தைப் பெருக்கினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கும் ஓர் இணையைப் பரிசளித்தார். அவர் முதோள் நாய் என அழைத்தார் என்பர். அப்பெயரே நிலைத்தது. உணவிட்டுக் காத்த பேடர் பெயர் நிலைக்காதது முறையன்று என்பதே என் கருத்து.

1948-இல் முதோள் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஓடுதற்கென்றே வளர்த்த நாய்க்குத் தொழிலில்லாது போயிற்று. நம் இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு நேர்ந்ததும் அதுவே. 2005-இல் வெளியான அஞ்சல்தலைகளில் முதோளும் இராஜபாளையமும் ஒருங்கே இடம்பெற்றன. பின்னர், முதோளை அடுத்த திம்மாப்பூரில் கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் இவ்வினத்திற்கென ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். அங்கிருந்து சென்ற குட்டிகளை இந்தியப் படையினர் மீரட்டில் காவற்பணிக்குப் பயிற்றினர்.