கண்ணாடி தேய்த்த தத்துவஞானி

மனிதன் தன் விருப்பப்படி நடக்கிறானா? அல்லது விருப்பந்தான் அவனை நடத்துகிறதா? வகுப்பு முடிந்து மணி அடித்த பின்னும் முடியாத இவ்வழக்கை வாழ்ந்தே பார்த்தவர் ஸ்பினோசா.

1632-இல் ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், போர்ச்சுகலிலிருந்து அடைக்கலம் தேடி வந்த யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். மறைநூல் கற்றார், தந்தையின் வணிகத்தையும் சிலகாலம் நடத்தினார். 1656 ஜூலை 27 அன்று யூத சபை அவரை விலக்கி வைத்தது. அவரோடு பேசுதல் கூடாது. ஒரே கூரையின்கீழ்த் தங்குதல் கூடாது. அவர் எழுதியதைப் படித்தலும் கூடாது. அப்போது வயது 23! பின்னர் நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் வேண்டிய கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக் கொடுத்து எளிமையாக வாழ்ந்தார்.

மக்கள் தம் ஆசையை அறிவர். அதை எழுப்பிய காரணத்தை அறியார். அவ்வறியாமைக்கே சுதந்திரம் என்று பெயரிட்டு மகிழ்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. எறியப்பட்ட கல்லுக்கு உணர்வு வந்தால், தானே விரும்பிப் பறப்பதாக அதுவும் எண்ணிக்கொள்ளுமாம்! அப்படியானால் விடுதலையே இல்லையா? உண்டு. நம்மை ஆட்டும் உணர்ச்சியின் காரணத்தைத் தெளிவாக அறியுமளவுக்கு அதன் பிடி தளரும் என்றார். (அறிய முயல்வதும் முன்காரணத்தால் நிகழ்வதுதானே? இவ்விடத்தில் அவர் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை.)

1672-இல் இக்கொள்கைக்குச் சோதனை வந்தது. பிரெஞ்சுப் படையெடுப்பால் நாடே கலங்கியிருந்த வேளை. நெடுங்காலம் நாட்டை வழிநடத்திய யோஹான் தெ விட்டையும் அவர் தமையனையும் ஹேக் நகரில் வெறிகொண்ட கும்பல் கொன்று சிதைத்தது. அந்நகரிலேயே குடியிருந்த ஸ்பினோசா, கொலைகாரரைக் கண்டிக்கும் அறிவிப்பை அவ்விடத்தில் ஒட்டப் புறப்பட்டார். வீட்டுக்காரர் கதவைப் பூட்டித் தடுத்துவிட்டார்! இதைக் குறித்து வைத்தவர் தத்துவ மேதை லைப்னிட்ஸ். கும்பலை இயக்கும் அச்சத்தையும் வெறுப்பையும் ஸ்பினோசாவைவிட ஆராய்ந்தவர் யார்? ஆயினும் அவ்வறிவு அன்று போதவில்லை; அவரைக் காத்தது ஒரு பூட்டு. இதனால் அவர்மேல் என் மதிப்புக் குறையவில்லை, கூடியது.

மறு ஆண்டு ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி தேடி வந்தது. சிந்திக்க முழு உரிமை உண்டு. நாட்டின் சமயத்தைக் குலைக்காதிருந்தால் போதும் என்றது அழைப்பு. 1670-இல் பெயரின்றி வெளியிட்ட நூலுக்கே எழுந்த எதிர்ப்பை அறிந்தவராயிற்றே! சில வாரம் எண்ணிப் பார்த்தார். அவ்வுரிமையின் எல்லை எதுவெனத் தெரியவில்லை என்று பணிவாக மறுத்தார். இம்முறை பூட்டு எதுவும் தேவைப்படவில்லை.

1677 பிப்ரவரி 21-இல் நுரையீரல் நோயால் 44 வயதில் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியிடாத அறவியல் நூலை நண்பர்கள் அவ்வாண்டே அச்சேற்றினர். ஆசிரியர் பெயருக்கு இடத்தில் மூன்று முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன.