தேசிங்கின் குதிரை ஏன் ஆற்றில் இறங்கியது?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தேசிங்கு ராஜா யாரென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்ஸில் ராஜகிரி மலை கண்ணில் பட்டதுமே அப்பா கதையை ஆரம்பித்துவிடுவார். டெல்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத ஒரு முரட்டுக் குதிரை இருந்தது, அதை அடக்கியவன் நம்ம தேசிங்கு. மிச்சத்தையெல்லாம் எம்.ஜி.ஆர். நடித்து 1960-இல் வந்த படம் சொல்லிக் கொடுத்தது. அடக்கினான் என்ற அந்த ஒரு சொல்லை நான் இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்டதே இல்லை.

இப்போது நான் இருப்பது நார்வேயில், ஆஸ்லோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய திராமன் நகரத்தில். ஊருக்கு நடுவே பெரிய ஆறு. குதிரை வண்டிப் பந்தயத்துக்கென்று தனி மைதானமே உண்டு. கூடப் படிக்கிற பிள்ளைகள் குதிரையேற்றம் கற்கிறார்கள் என்று ஒன்பது வயது மகள் நச்சரிக்க, போன வருஷம் ஒரு லாயத்தில் சேர்த்துவிட்டோம்.

முதல் நாள் யாரும் குதிரையில் ஏறவே இல்லை. பிரஷ்ஷால் தேய்த்துவிடுவது, காலைத் தூக்கிக் குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுப்பது, கயிற்றைப் பிடித்து நடத்திப் போவது, அவ்வளவுதான். மகளிடம் கொடுத்தது ஃபியோர்டு குதிரை, இந்த நாட்டின் சொந்த இனம். மணல் நிற உடம்பு, வெளுத்த பிடரி மயிருக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு. முற்றத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு சின்னக் குட்டைக்கு முன்னால் அது நின்றுவிட்டது. கணுக்கால் ஆழம்கூட இருக்காது. மகள் கயிற்றை இழுத்தாள், அது அசையவில்லை. வேலிக்கு வெளியே நின்ற நான் நல்லா இழு என்று தமிழில் கத்தினேன்.

பயிற்சி தரும் பெண்மணி வந்து கயிற்றைத் தளர்த்தச் சொன்னார். அது வேண்டாம் என்கிறது, ஏன் வேண்டாம் என்கிறது என்று முதலில் பார்ப்போம் என்றார். பிறகு அவரே குட்டைக்குள் இறங்கி, எங்கேயோ பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். குதிரை காதை முன்னால் திருப்பியது. தலையைத் தாழ்த்தித் தண்ணீரை முகர்ந்தது. ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பத்து நிமிஷம் கழித்துத் தானாக நடந்து வந்தது. அடுத்த முறை அந்தக் குட்டையை அது கண்டுகொள்ளவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தேசிங்கு ஞாபகம் வந்தது. கணுக்கால் தண்ணீருக்கே ஒரு குதிரை இவ்வளவு யோசிக்கிறதே, வெள்ளம் புரண்ட ஆற்றில் அவன் குதிரை எப்படி இறங்கியது?

தேசிங்கின் நிஜப் பெயர் தேஜ் சிங். புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். செஞ்சி, நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள் என்று கைமாறி 1677-இல் சிவாஜியிடம் வந்த கோட்டை. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது மொகலாயப் படை 1690-இல் முற்றுகையைத் தொடங்கி, எட்டு வருஷம் காத்திருந்து 1698-இல் பிடித்தது. அதன் பிறகு ஔரங்கசீப் காலத்தில் கோட்டைக்குப் பொறுப்பாக வந்தவர் சொரூப் சிங். அவருடைய மகன்தான் தேஜ் சிங். ஊர் வாயில் அந்தப் பெயர் தேசிங்கு ஆகி, அவன் நம்ம ஊர்ப் பிள்ளையும் ஆகிவிட்டான்.

அவன் இளமையைப் பற்றி நமக்குச் சொல்வது கதைப்பாடலும் கூத்தும்தான். பாதுஷாவின் குதிரையில் ஏற முடியாமல் தேசிங்கின் அப்பா சிறைப்படுகிறார். பையன் வளர்ந்து டெல்லிக்குப் போகிறான். குலதெய்வமான ரங்கநாதரைக் கும்பிட்டு ஏறுகிறான். குதிரை பறக்கிறது, சுழல்கிறது, கடைசியில் அடங்குகிறது. அப்பாவுக்கு விடுதலை, மகனுக்குக் குதிரை பரிசு, கூடவே கல்யாணமும். பாராசாரி, நீலவேணி என்று குதிரைகளின் பெயர்களெல்லாம் கதையில் உண்டு. ஆனால் ஒன்று மட்டும் கிடையாது. அந்தக் குதிரை ஏன் யாரையும் ஏறவிடவில்லை என்று யாருமே கேட்பதில்லை.

இதே மாதிரிக் கதை கிரேக்கத்திலும் உண்டு. அப்பாவின் ஆட்களால் முடியாத குதிரையைச் சிறுவன் அலெக்சாண்டர் வசப்படுத்துகிறான். ஆனால் அதை எழுதிவைத்த புளூட்டார்க் காரணத்தையும் சொல்கிறார். குதிரை தன் நிழலைப் பார்த்தே மிரண்டது. அலெக்சாண்டர் அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான், தட்டிக்கொடுத்தான், பிறகுதான் ஏறினான். அங்கே வீரத்துக்கு முன்னால் ஒரு கவனிப்பு இருக்கிறது.

நாங்கள் கம்ப்யூட்டர் வேலையில் முதலில் கற்றுக்கொள்வதும் இதைத்தான். ஒரு புரோகிராம் ஓட மறுத்தால் கீபோர்டைத் தட்டிப் பயனில்லை, என்ன எரர் வந்தது என்று படிக்க வேண்டும். குதிரையின் மறுப்பும் ஒரு தகவல். அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. மூக்குக்கு அடியில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அதற்கு எப்படித் தெரியும்? புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து ஓடியே பிழைத்த மிருகம் அது. சந்தேகம் வந்தால் நிற்கும், இல்லாவிட்டால் ஓடும். ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கிற தோல். அதற்குக் காலால் லேசாக ஒரு அழுத்தம் போதும். சொன்னதைக் கேட்ட அந்த நொடியிலேயே அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். எடுப்பதுதான் அதற்குக் கிடைக்கும் பாராட்டு. 2,300 வருஷத்துக்கு முன்பே குதிரையேற்றம் பற்றி எழுதிய செனபோன், கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்று எழுதிவிட்டார்.

நமக்குக் குதிரை மேல் ஆசை எப்போதும் உண்டு. கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன இடத்தில்தான் மாணிக்கவாசகர் கதையே திரும்புகிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ எழுதியதைப் படித்தால்தான் சங்கடமாக இருக்கிறது. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகள் வந்து இறங்குகின்றன. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால், வருஷக் கடைசியில் உயிரோடு மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம் என்கிறார். ஐயனாருக்கு வானுயர மண் குதிரை செய்து வைத்த நாம், லாயத்திலிருந்த குதிரையின் மனசைப் படித்தோமா என்பது நியாயமான கேள்விதான்.

தேசிங்கு படித்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். காரணம் டெல்லிக் கதை இல்லை, அதற்குப் பிறகு நடந்தது. பயத்தால் அடங்கிய குதிரை, அதைவிடப் பெரிய பயம் வந்ததும் எஜமானை உதறிவிட்டு ஓடிவிடும். யானையும் வெடிச் சத்தமும் இருக்கிற போர்க்களத்துக்கு ஒரு குதிரை போய் நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் யாரோ பல மாதம் பொறுமையாகப் பழக்கியிருக்கிறார்கள். மாட்டை அடக்குவது என்று இன்று சொல்கிறோம். நம்ம பழைய சொல் ஏறு தழுவுதல். குதிரைக்கும் அந்தச் சொல்தான் பொருந்தும்.

சொரூப் சிங் இறந்த பிறகு தேசிங்கு செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றான். அப்போது ஔரங்கசீப் இல்லை, 1707-லேயே போய்விட்டார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய கப்பப் பாக்கியைக் கேட்டார். அப்பா இருந்த இடம் மகனுக்குத் தானாக வந்துவிடாது என்பது நவாபின் வாதம். பாதுஷா எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்தது என்பது தேசிங்கின் வாதம். பேசித் தீர்த்திருக்கலாம். கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். எட்டு வருஷம் முற்றுகை தாங்கிய கோட்டை அவன் கையில் இருந்தது. அவனுக்கு வயசு 22.

போருக்குக் கிளம்பும் முன் செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்தில் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டான் என்றும், போக வேண்டாம் என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் ஒரு ஐதீகம் உண்டு. பாறையில் குடைந்த அந்தக் கோவிலில் பள்ளிகொண்ட பெருமாளின் தலை திரும்பியிருப்பதைக் காட்டி இன்றைக்கும் சொல்வார்கள். தேசிங்கு அந்த மறுப்பைக் கேட்கவில்லை. நண்பன் மகமத்கானுக்கு ஆள் அனுப்பினான். கல்யாணக் கோலத்தில் இருந்தவன் பாதியில் எழுந்து குதிரையேறி வந்தான் என்கிறது கதை. ஒருவன் ராஜபுத்திரன், ஒருவன் முஸ்லிம், எதிரில் இருந்த நவாபும் முஸ்லிம். மதம் பார்த்துப் போட்ட சண்டையாக யாரும் அதைப் பாடவில்லை.

நடுவில் ஆறு. வராகநதி, சங்கராபரணி, செஞ்சியாறு என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அன்றைக்கு அது வெள்ளம். தேசிங்கு குதிரையோடு இறங்கினான். பின்னால் வந்தவர்களில் பலர் கரையிலேயே நின்றுவிட்டார்கள் என்று சொல்வார்கள். கரையேறியவர்கள் கொஞ்சம் பேர், எதிரில் பல மடங்கு பெரிய படை. 1714 அக்டோபர் 3. மகமத்கான் விழுந்தான், தேசிங்கும் விழுந்தான். அவன் ஆண்டது பத்து மாதம்தான் என்பார்கள். அவனோடு அவன் இளம் மனைவியும் தீயில் இறங்கினாள். ராணிப்பேட்டை அவள் நினைவாக வந்த பெயர் என்று இன்றும் சொல்லப்படுகிறது. செஞ்சியில் செட்டிக்குளக் கரையில் அவர்களுக்குத் தீ மூட்டிய இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள்.

இந்தக் கதையைச் சின்ன வயசில் கேட்டபோது ஆற்றில் இறங்கியது எனக்கு வீரமாகத்தான் தெரிந்தது. இப்போது குதிரைப் பக்கம் நின்று பார்க்கிறேன். அந்த ஆழம் அதற்குத் தெரியாது. எதிர்க்கரையில் எத்தனை பேர் என்று தெரியாது. கப்பப் பாக்கி தெரியாது, பாதுஷாவின் பட்டயமும் தெரியாது. முதுகில் இருப்பவன் இதுவரை தன்னைக் கெட்ட இடத்துக்குக் கூட்டிப் போனதில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதை நம்பி இறங்கியது.

நம்பிக்கையைச் சம்பாதிப்பது எப்படி என்று இன்று நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள், குதிரைக்கும் சரி, பிள்ளைக்கும் சரி, ஆபீஸ் டீமுக்கும் சரி. சம்பாதித்த பிறகு என்ன என்பதைத் தேசிங்கிடம்தான் கேட்க வேண்டும். நம்மை நம்புகிற உயிர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். அதற்கும் சேர்த்துக் கேள்வி கேட்க வேண்டியது அப்போதிலிருந்து நம்ம வேலை. கயிற்றைப் பிடித்து இழுப்பவனை எதிர்த்துக் குதிரை நிற்கும். அது முழுசாக நம்புகிறவனை எதிர்த்து நிற்க யாரும் இல்லை. தேசிங்குக்குக் குதிரையைப் பழக்கும் திறமையில் குறை இல்லை. தன்னைத் தடுத்து நிறுத்தும் ஒரு கையைத்தான் அவன் வைத்துக்கொள்ளவில்லை. அவனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 22 வயசில் எனக்கும் முடியாது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கோழைகளாகத்தான் தெரிந்தார்கள்.

நார்வேயின் விலங்கு நலச் சட்டம், மனிதனுக்குப் பயன்படுவதைத் தாண்டி விலங்குக்கென்று சொந்த மதிப்பு உண்டு என்கிறது. 2009-இல் எழுதிய சட்டம். நம்ம பக்கத்து ஜனங்கள் அதைச் சட்டம் இல்லாமலே ஒரு முறை செய்திருக்கிறார்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டி என்று ஒரு கிராமம். மகமத்கானின் சமாதி அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே குதிரைக்கும் ஒரு சமாதி. ஊர்ப் பெயரே நீலவேணியிலிருந்து வந்தது என்பார்கள். ராஜாவின் நண்பனுக்குக் கொடுத்த மரியாதையைக் குதிரைக்கும் கொடுத்திருக்கிறார்கள். 2025-இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் அதிகம் வருகிறது. வருகிறவர்கள் மலை ஏறி, கல்யாண மகாலையும் குதிரை லாயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான், நீலாம்பூண்டிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

போன வாரம் லாயத்திலிருந்து திரும்பும்போது, ஆற்றுப் பாலத்து மேல், மகளுக்கு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். டெல்லி, பாதுஷா, கல்யாணம், சண்டை எல்லாம் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். முதலில் தேசிங்கு இறங்கி ஆழம் பார்த்தானா அப்பா என்றாள்.

இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவளை நீலாம்பூண்டிக்குக் கூட்டிப் போகணும்.