கொயினாவுக்கு அடங்காத காய்ச்சல்
சென்னையில் கிருமியைக் கண்ட டாக்டர் டானவன்

கொல்லிமலைக்குப் போய் வந்தால் காய்ச்சல் வரும் என்று நாமக்கல், சேலம் பக்கத்துப் பெரியவர்கள் அஞ்சிய காலம் ஒன்று உண்டு. குளிர் நடுக்கும். உடம்பு கொதிக்கும். நாள்பட்டால் இடது விலாவின் கீழே மண்ணீரல் வீங்கும். அது மலேரியாக் காய்ச்சல். கொயினா மருந்துக்கு அது கட்டுப்பட்டது.

கொயினாவுக்குக் கட்டுப்படாத வேறொரு காய்ச்சலும் நம் நாட்டில் இருந்தது. நோயாளி மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே போவார். வயிறு மட்டும் பானைபோல் பெருக்கும். தோல் கறுக்கும். கடைசியில் உயிர் போய்விடும். அசாமிலும் வங்காளத்திலும் ஊர் ஊராக மக்கள் மடிந்தார்கள். காலா அசார் என்று அதற்குப் பெயர். மருந்து கொடுக்காவிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைக்கமாட்டார்கள்.

டாக்டர்களில் பலர் அதையும் முற்றிய மலேரியா என்றே எண்ணிக் கொயினாவைக் கொடுத்து வந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் ஒருவர், சென்னையில் வேலை பார்த்த டாக்டர் சார்லஸ் டானவன்.

கல்கத்தாவில் பிறந்தவர்

டானவன் 1863-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். அயர்லாந்துக் குடும்பம். அயர்லாந்திலேயே படித்து டாக்டரானார். 1891-ல் இந்திய மருத்துவ சர்வீசில் சேர்ந்தார். 1898 முதல் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளையும் கவனித்தார்.

1903-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். மலேரியா என்று கருதப்பட்டு இறந்துபோனவர்களின் மண்ணீரலை டானவன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். முட்டை வடிவத்தில் சின்னஞ்சிறு பொருள்கள் தெரிந்தன. மலேரியாக் கிருமி அப்படி இராது. அப்படியானால் இவை என்ன? டானவனுக்கு விளங்கவில்லை.

கப்பலில் வந்த பத்திரிகை

சில வாரங்களில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஒரு பத்திரிகை வந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் மே 30-ந் தேதி இதழ். அதில் பட்டாளத்து டாக்டர் லீஷ்மன் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.

கல்கத்தா அருகே டம்டம் என்ற ஊரில் இருந்த ஒரு சிப்பாய்க்குக் காய்ச்சல் கண்டது. இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1900-ல் அவர் அங்கே இறந்துபோனார். அவருடைய மண்ணீரலில் லீஷ்மன் கண்டதும் அதே முட்டை வடிவப் பொருள்கள்தான்! இரண்டரை ஆண்டு கழித்தே அந்தச் செய்தி அச்சில் வந்தது.

அது ஒரே ஒரு சிப்பாயின் கதை. ஒருவரைப் பற்றி எழுதி என்ன பயன் என்று லீஷ்மன் விட்டிருந்தால், அந்த விவரம் சிப்பாயோடு மண்ணுக்குள் போயிருக்கும். எழுதியதால் அது கடல் கடந்து சென்னைக்கு வந்தது. தாம் கண்டதும் அதுதான் என்று டானவன் தெரிந்துகொண்டார்.

ஆனால் லீஷ்மன் ஒரு தவறான முடிவுக்கு வந்திருந்தார். வேறொரு கிருமி செத்து உருமாறி இப்படித் தெரிகிறது என்று அவர் நினைத்தார். அது சரியா? உயிரோடு இருப்பவர் உடம்பில் பார்த்தால்தான் தெரியும்.

பன்னிரண்டு வயதுப் பையன்

ஜூன் 17-ந் தேதி. விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்த 12 வயதுப் பையன் ஒருவனின் மண்ணீரலில் டானவன் ஊசி செலுத்தினார். ஆபத்தான காரியம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் உயிருக்கே மோசம். எடுத்த ரத்தத்தைச் சோதித்தார். அதே பொருள்கள்! அவை செத்த உடம்பில் உருவானவை அல்ல, நோயைத் தரும் கிருமிகளே என்பது புலப்பட்டது.

டானவன் உடனே எழுதினார். ஜூலை 11-ந் தேதி அதே பத்திரிகை அதை வெளியிட்டது. முதலில் கண்டவர் யார் என்று தகராறு எழுந்தது. மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ் அதைத் தீர்த்து வைத்தார். இருவர் பெயரையும் சேர்த்து, லீஷ்மேனியா டானவனி என்று கிருமிக்குப் பெயரிட்டார்.

ஒருவர் கதை போதுமா?

ஒரு நோயாளியைப் பற்றி டாக்டர் எழுதும் இத்தகைய விவரத்துக்குக் கேஸ் ரிப்போர்ட் என்று பெயர். ஒருவர் குணமானார் என்பதால் ஒரு மருந்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பலரிடம் சோதித்துப் பார்க்கவேண்டும். ஆனால், இப்படியும் ஒரு நோய் உண்டு, தேடிப்பாருங்கள் என்று உலகுக்குச் சொல்ல ஒருவர் கதை போதும். அதில் தவறு இருந்தாலும், அச்சில் வந்துவிட்டால் இன்னொருவர் திருத்துவார். லீஷ்மனின் தவறு ஆறே வாரத்தில் திருந்தியது.

கிருமி தெரிந்த பிறகு மருந்து தேடினார்கள். கல்கத்தா டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைச் செய்தார். 1922-ல் அவர் முதலில் எழுதியது 8 நோயாளிகளைப் பற்றித்தான். பிறகு அந்த மருந்து எத்தனையோ ஆயிரம் உயிர்களைக் காத்தது. நோயைப் பரப்புவது மணல் ஈ என்பது 1942-ல் உறுதியாயிற்று.

டானவன் 1911-ல் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியின் முதல் சூப்பரின்டென்டென்ட் ஆனார். 1919-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரிப்பதில் அவருக்குப் பிரியம் அதிகம். 1951-ல் 88-வது வயதில் காலமானார்.

நாம் செய்யவேண்டியது

சேலம் ஆஸ்பத்திரிக்கோ நாமக்கல் ஆஸ்பத்திரிக்கோ நாளை ஒரு புது மாதிரியான காய்ச்சல் வரலாம். டாக்டர் கேட்கும்போது, காய்ச்சல் தொடங்கிய நாள், போய் வந்த ஊர், சாப்பிட்ட மருந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். விவரத்தை எழுதி வெளியிட டாக்டர் அனுமதி கேட்டால் பயப்படவேண்டாம். நோயாளியின் பெயரையும் அடையாளத்தையும் போடக்கூடாது என்பது இப்போது முறை. உங்கள் வீட்டுக் காய்ச்சலின் கதை, எங்கோ இருக்கும் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கலாம்.